கபுகி நடிகர் பிரிண்ட் ஒண்ணு கைக்கு வந்தா அதுல இருக்கறது யாருன்னு கண்டுபிடிக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

நான் முதமுதல்ல வாங்குன ஜப்பான் பிரிண்ட்ட ஆன்லைன்ல வித்தவர் "சாமுராய் வீரன்"னு போட்டிருந்தாரு, நானும் நம்பி ஃப்ரேம் போட்டு மாட்டி ரெண்டு வருஷம் வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சாமுராய் சாமுராய்னு பெருமை அடிச்சிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது சாமுராயும் இல்ல ஒண்ணும் இல்ல, சாமுராய் வேஷம் போட்ட ஒரு நாடக நடிகர்னு. இந்தத் தப்ப நிறைய பேர் பண்றாங்க, கடைக்காரங்களும் சேத்துத்தான். அதனால ஒரு பிரிண்ட் கைக்கு வந்தா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு நான் பண்ற வரிசைலயே சொல்றேன்.

முன்னாடி கொஞ்சம் பின்னணி. எடோல, அதாவது இன்னைக்கு நாம டோக்கியோன்னு சொல்ற ஊர்ல, கபுகி நாடகம்தான் ஜனங்களோட உயிர். புது நாடகம் போட்டா அதுல நடிக்கிறவரோட படம் மரக்கட்டைல செதுக்கி அச்சடிச்சு கடைக்கு வந்துடும், சில சமயம் நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துடும், விலையும் ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிடுற காசுதான். இதுக்குப் பேரு யகுஷா-எ. யகுஷான்னா நடிகர், எ-ன்னா படம். அவங்களுக்கு இது ஆர்ட் இல்ல, ரசிகன் வீட்டுக்கு வாங்கிட்டுப் போற ஹீரோ போஸ்டர். வாங்குறவனுக்கு அந்த ஆள பாத்த உடனே தெரியும்கறதால பல படத்துல நடிகர் பேரே இருக்காது. நமக்குத்தான் அது தலைவலி.

ஸ்டெப் 1: பேப்பர் சைஸ அளங்க

ஸ்கேல எடுத்து அளந்துடுங்க. சுமார் 39க்கு 26 செ.மீ இருந்தா அந்த சைஸுக்கு ஜப்பான்ல 'ஓபன்'னு பேரு, இதுதான் ரொம்ப சாதாரணமா கிடைக்கும். 33க்கு 15 செ.மீ வாக்குல ஒடுக்கமா நீளமா இருந்தா ஹொசோபன், பெரும்பாலும் 1700கள்ல வந்தது. ஓபன்ல பாதி சைஸ் சூபன், அது 1840கள் கடைசிலேந்து ஒசாகால ரொம்ப ஓடுன சைஸ். ஓரத்த வெட்டியிருப்பாங்கறதால ஒரு சென்டிமீட்டர் அப்படி இப்படி இருந்தா கவலப்படாதீங்க.

படத்துல ஒரு கை பாதில வெட்டுன மாதிரி நிக்குதா, கத்தி பேப்பர விட்டு வெளிய போகுதா, அப்ப அது தனிப் படம் இல்ல, ரெண்டு மூணு ஷீட் சேந்த செட்ல ஒண்ணு. செட்ட வலது பக்கத்துலேந்துதான் படிக்கணும்.

ஸ்டெப் 2: மூஞ்சிய விடுங்க, சட்டைக் கையப் பாருங்க

எல்லாரும் முதல்ல மூஞ்சியத்தான் பாப்பாங்க, அங்கதான் கோட்டை விடுறாங்க. கிமோனோவோட கை, தோள், மார்பு, இந்த இடத்துல வட்டமாவோ சதுரமாவோ ஒரு சின்னம் இருக்கான்னு பாருங்க, அதுக்குப் பேரு மொன், குடும்பச் சின்னம். கபுகில நடிப்பு பரம்பரைத் தொழில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மொன், படம் வரையிறவரும் மறக்காம அத எங்கயாவது சொருகிடுவாரு.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது இச்சிகாவா தஞ்சூரோ குடும்பத்தோடது, பேரு மிமசு. அரிசி அளக்குற சதுர மரப்படி மூணு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்சு மேலேந்து பாத்தா எப்படி இருக்குமோ அப்படி, மூணு சதுரம். "ஷிபராகு"ன்னு ஒரு நாடகம் இருக்கு, அதுல ஹீரோ போடுற செங்காவி கலர் உடுப்புல சதுரக் கை ஒவ்வொண்ணும் ஒரு பாய் அளவுக்கு இருக்கும், அந்தக் கை முழுக்க இந்த மிமசுதான், அத தவற விடவே முடியாது.

ஓனோயே கிக்குகோரோ குடும்பத்துக்கு ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச ரெண்டு விசிறியும் இலையும். இவாய் ஹன்ஷிரோவுக்கு வட்டத்துக்குள்ள மூணு விசிறி, ஆரம்பத்துல இந்த ரெண்டையும் நான் மாத்தி மாத்திக் குழப்பிக்குவேன், விசிறிய எண்ணிப் பாருங்க. மட்சுமோதோ கோஷிரோவுக்கு சாய்சதுரமா நாலு பூ. செகாவா கிக்குனோஜோவுக்கு நடுவுல கட்டுன பட்டுப் பஞ்சுக் கட்டு. பந்தோ மிட்சுகோரோவுக்கு 'பெரிய'ங்கற அர்த்தம் வர்ற எழுத்து மூணு தடவ. சவமுரா சோஜூரோவுக்கு வட்டத்துக்குள்ள ரெண்டு வளைஞ்ச கோடு மாதிரி தெரியிற 'இ' எழுத்து. நகமுரா உதாயேமொனுக்கு கியோன் கோயில் தாயத்து. இந்த எட்டு தெரிஞ்சாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஒரு எச்சரிக்கை. சில கதாபாத்திரத்துக்குனே ஒரு மொன் உண்டு, அது நடிகரோடது இல்ல, வேஷத்தோடது. அதனால ஒரே சின்னத்த பாத்து முடிவு கட்டாம, இடுப்புக் கச்சை, விசிறி, பின்னாடி தொங்குற திரை, துணி டிசைன் எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துடுங்க, பல சமயம் துணில இருக்கற கட்டம்னு நினைச்சதே மொன்னா இருக்கும். என்னோட "சாமுராய்" கதையும் அதான், ரெண்டு வருஷமா கட்டம் போட்ட சட்டைன்னு நினைச்சிட்டு இருந்தேன், மிமசு!

ஸ்டெப் 3: ஆம்பள வேஷமா, பொம்பள வேஷமா, பேயா

கபுகிய 1600கள் தொடக்கத்துல ஆரம்பிச்சு வெச்சதே ஒகுனிங்கற ஒரு பொண்ணுதான், கியோட்டோல ஆத்து மணல்ல ஆடுனாங்க. 1629ல பொண்ணுங்க மேடையேறக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுச்சு, அப்புறம் இளம் பசங்கள வெச்சு நடத்துனாங்க, 1652ல அதுக்கும் தடை. அதுக்கப்புறம் வளந்த ஆம்பளைங்க மட்டும்தான், பொம்பள வேஷம் கட்டுறவங்களுக்கு ஒன்னகதான்னு பேரு. ஆம்பளைன்னா முன்தலைய மழிச்சிருக்கணும்னு சட்டம், மழிச்ச தலையோட பொம்பளையா நடிச்சா நல்லாவா இருக்கும், அதனால நெத்திக்கு மேல ஒரு ஊதா துணியப் போட்டு மறைச்சாங்க. நமக்கு இது பெரிய க்ளூ. அழகான பொண்ணு படம், ஆனா முன்தலைல சின்ன ஊதா துணி இருந்தா அது ஆம்பள நடிகர். ஊதாச் சாயம் சீக்கிரம் வெளுக்கும்கறதால உங்க கைல இருக்கற பிரிண்ட்ல அது சாம்பலாவோ பழுப்பாவோ இருக்கலாம், கலர நம்பாம துணி இருக்கற இடத்தப் பாருங்க.

மூஞ்சில கோடு கோடா மேக்கப் இருந்தா அது குமதோரி. சிவப்புன்னா வீரம், கோபம், நல்லவன் பக்கம். நீலம்னா வில்லன் இல்லாட்டி பேய். பழுப்புன்னா மனுஷனே இல்ல, பிசாசு மாதிரி ஏதோ ஒண்ணு. ரெண்டு கண்ணும் மூக்கப் பாத்து ஒண்ணா சேந்து, உடம்பு அப்படியே உறைஞ்சு நின்னா அது மியே, நாடகத்துல உச்சக்கட்டத்துல நடிகர் சிலையா நிக்கிற நேரம், கூட்டம் குடும்பப் பட்டப்பேரச் சொல்லி கத்துற நேரம் (தஞ்சூரோவுக்கு "நரிதாயா", கிக்குகோரோவுக்கு "ஒதோவாயா"). யகுஷா-எ வாங்குனவன் அந்த ஒரு நொடியத்தான் காசு குடுத்து வீட்டுக்குக் கொண்டு போனான்.

ஸ்டெப் 4: சின்ன முத்திரைல வருஷத்தப் புடிங்க

இது கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச ஸ்டெப். அந்தக் கால அரசாங்கம் எல்லா பிரிண்ட்டையும் சென்சார் பண்ணுச்சு, பாத்து ஓகேன்னா ஒரு முத்திரை. முறை அடிக்கடி மாறுச்சு, அந்த மாத்தம்தான் நமக்கு காலண்டர்.

1790 வாக்குல ஆரம்பிச்சு 1842 வரைக்கும் கிவாமென்னு ஒரே எழுத்து இருக்கற சின்ன வட்ட முத்திரை. 1843லேந்து 1847 வரை சென்சார் அதிகாரியோட பேர் முத்திரை ஒண்ணே ஒண்ணு. 1847லேந்து 1852 வரை ரெண்டு அதிகாரி, ரெண்டு முத்திரை. 1852, 53ல அந்த ரெண்டோட மூணாவதா தேதி முத்திரை ஒண்ணு. 1853 கடைசிலேந்து 1857 வரை அரதமென்னு ஒரு முத்திரையும் கூடவே தேதி முத்திரையும். 1858 வாக்குல தேதி மட்டும். 1859லேந்து 1870கள் தொடக்கம் வரை அரதமெ, தேதி ரெண்டும் ஒரே வட்டத்துக்குள்ள. 1875ல இந்த முத்திரை முறையே போச்சு, அதுக்கப்புறம் ஓரத்துல பதிப்பாளர் பேரு, விலாசம், தேதி எல்லாம் பத்திரம் மாதிரி எழுதிடுவாங்க.

தேதி முத்திரைல வருஷம் நம்பரா இருக்காது, மிருகமா இருக்கும். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி, பன்னெண்டு வருஷம் ஒரு சுத்து. கூடவே மாசத்தோட நம்பர். 1852 எலி, 1853 எருது, 1854 புலி, அப்படியே எண்ணிட்டே போங்க. எலி 1864லயும் திரும்ப வருமே எப்படி பிரிக்கிறதுன்னு கேப்பீங்க, முத்திரை எண்ணிக்கைய வெச்சுத்தான். எலியோட ரெண்டு அதிகாரி முத்திரை தனியா இருந்தா 1852, எலியும் அரதமெயும் ஒரே வட்டத்துல இருந்தா 1864. அவங்க மாசம் சந்திரன் கணக்கு, அதனால பன்னெண்டாம் மாசம்னா நம்ம காலண்டர்ல அடுத்த வருஷ ஜனவரில விழலாம், சில வருஷத்துல ஒரு மாசம் கூடுதலாவும் வரும்.

என் பிரிண்ட்ல ரெண்டு வட்ட முத்திரை, பக்கத்துல முட்டை வடிவத்துல எலி. 1852.

ஸ்டெப் 5: மொன்னும் வருஷமும் சேத்தாதான் ஆளு

மொன் குடும்பத்தத்தான் சொல்லும், ஆளச் சொல்லாது. ஏன்னா கபுகில பேரே சொத்து, அப்பா பேர மகன் வாங்கிக்குவாரு, மகன் இல்லாட்டி தத்துப் பிள்ளை. தஞ்சூரோங்கற பேர்ல இது வரைக்கும் பதிமூணு பேர் இருக்காங்க, பதிமூணாமவர் 2022லதான் பேரேத்துக்கிட்டாரு. அதனால படம் வந்த வருஷத்துல அந்தப் பேர யாரு வெச்சிருந்தாங்கன்னு பாக்கணும்.

தஞ்சூரோவையே எடுத்துக்குவோம். அஞ்சாமவர் 1770லேந்து 1791 வரைக்கும், ஆறாமவர் 1791லேந்து 1799, ஏழாமவர் 1800லேந்து 1832, எட்டாமவர் 1832லேந்து 1854, ஒன்பதாமவர் 1874லேந்து 1903. நடுவுல 1854லேந்து 1874 வரைக்கும் தஞ்சூரோன்னு யாருமே இல்ல பாருங்க! அதனால 1860 முத்திரை போட்ட படத்த "தஞ்சூரோ"ன்னு யாராவது வித்தா கொஞ்சம் நிதானிங்க. அது அந்தக் குடும்பத்து வேற ஆளா, சிஷ்யரா, இல்ல செத்துப் போனவர நினைச்சு வரைஞ்ச படமான்னு பாக்கணும்.

இன்னொரு சிக்கல், ஏழாமவர் 1832ல பேர மகனுக்குக் குடுத்துட்டு எபிசோன்னு பேர மாத்திக்கிட்டு நடிச்சிட்டேதான் இருந்தாரு. 1842ல ஆடம்பரமா இருக்காருன்னு எடோவ விட்டே வெரட்டுனாங்க, அப்புறம் திரும்பி வந்தாரு. ஆக 1852ல மிமசு போட்ட படம்னா அப்பாவாவும் இருக்கலாம், மகனாவும் இருக்கலாம். இப்பதான் மூஞ்சிக்குப் போறோம்.

ஸ்டெப் 6: இப்ப மூஞ்சிய பாருங்க

ஆரம்ப காலத்துல மூஞ்சிய பாத்து பிரயோஜனமே இல்ல. தொரீ கியோநொபுவும் அவங்க பரம்பரையும் (நாடக அரங்கத்துக்கு போர்டு எழுதுற குடும்பம் அது) வரைஞ்ச படத்துல எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, காலு சுரைக்காய் மாதிரி உருண்டு திரண்டு, கோடு மண்புழு மாதிரி நெளிஞ்சு ஓடும். சக்தி இருக்கும், சாடை இருக்காது. 1765ல பல வண்ண அச்சு வந்தப்புறம் கட்சுகவா ஷுன்ஷோ, புன்சோன்னு ரெண்டு ஓவியருங்க சேந்து 1770ல விசிறி வடிவத்துல நடிகர் படமா ஒரு புத்தகம் போட்டாங்க, அதுலேந்துதான் "அட, இது இன்னாரு"ன்னு மூஞ்சிய பாத்துச் சொல்ற மாதிரி சாடையோட வரையிறது வழக்கமாச்சு. 'பெரிய அலை' படம் வரைஞ்ச ஹொகுசாய் கூட முதல்ல ஷுன்ஷோகிட்ட பாடம் படிச்சவர்தான், ஷுன்ரோங்கற பேர்ல நடிகர் படம் வரைஞ்சிருக்காரு.

அப்புறம் ஷராகு. இந்த மனுஷன் 1794 மே வாக்குல திடீர்னு வந்தாரு, சுமார் பத்து மாசம், நூத்தி நாப்பதுக்கும் மேல படம், 1795 தொடக்கத்துல காணாமப் போனாரு. முதல் அடிலயே 28 பெரிய தலைப் படம், பின்னணில அப்ரகப் பொடி கலந்த கருப்பு மினுமினுப்பு, பேரே தெரியாத ஒருத்தருக்கு இவ்வளவு செலவு பண்ணது பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோ. ஓதானி ஒனிஜி விரல விரிச்சிட்டு முறைக்கிற அந்தப் படத்த நீங்க எங்கயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க, அதுல அவரு எதோபேய்ங்கற அடியாள், பணத்தப் பறிக்க வர்ற கட்டம். கை ரெண்டும் உடம்புக்குப் பொருந்தவே பொருந்தாது, எங்கேந்து மொளைச்சு வருதுன்னே தெரியாது, ஆனா அந்த அவஸ்தைதான் படமே. பொம்பள வேஷம் போட்டவங்களையும் தாடை, மூக்கு, வயசு எல்லாத்தையும் மறைக்காம ஆம்பளைன்னு தெரியிற மாதிரியே வரைஞ்சாரு. ரொம்ப நிஜமா வரையப் போய் அதனாலயே ரொம்ப நாள் ஓடலன்னு ஓதா நன்போங்கற எழுத்தாளர் அப்பவே குறிச்சு வெச்சிருக்காரு. எந்த ரசிகன் தன் தலைவனோட தொங்குற கன்னத்த காசு குடுத்து வாங்குவான்? ஷராகு யாருன்னு பல பேர் பல கதை சொல்லியிருக்காங்க, இப்போதைக்கு அதிகம் பேர் ஏத்துக்கிறது ஆவா பிரபுகிட்ட இருந்த சைதோ ஜூரோபேய்ங்கற 'நோ' நடிகர்னு ('நோ'ங்கறது கபுகிக்கும் முந்தின ஒரு ஜப்பான் நாடக வகை).

அதே 1794ல உதாகவா தொயொகுனி நடிகர கொஞ்சம் அழகாக்கி, முழு உருவமா, மேடைல நிக்கிற மாதிரி வரைஞ்சாரு. ஜெயிச்சது அவருதான். அடுத்த நூறு வருஷம் இந்தத் தொழில் உதாகவா பள்ளி கைலதான், அவர் சிஷ்யர் குனிசதா, குனியோஷி, குனிசதாவோட சிஷ்யர் குனிசிகான்னு. எனக்கு ஷராகுதான் உசத்தி, ஆனா ஆளக் கண்டுபிடிக்கிற வேலைக்கு உதாகவா படம்தான் சுலபம், ஏன்னா ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு மூஞ்சி ஃபார்முலா வெச்சு அதையே திரும்பத் திரும்ப வரைஞ்சாங்க. அஞ்சாவது கோஷிரோன்னா பெரிய வளைஞ்ச மூக்கு, சின்னக் கண்ணு, இடது புருவத்துகிட்ட ஒரு மச்சம் (அவரு நடிச்சுப் பேர் வாங்குன நிக்கி தஞ்ஜோ வேஷத்த இன்னைக்கு யார் போட்டாலும் அந்த மச்சத்த வெச்சுக்கிட்டுத்தான் மேடையேறுறாங்க). அஞ்சாவது ஹன்ஷிரோன்னா கண்ணு, ஆயிரம் ரியோ (அந்தக் காலத் தங்கக் காசு) பெறும் கண்ணுன்னு பேரு வாங்குனது. ஏழாவது தஞ்சூரோவுக்கு உருட்டி முழிக்கிற பெரிய கண்ணு. அவர் மகன் எட்டாமவருக்கு நீளவாக்குல மெலிஞ்ச அழகு மூஞ்சி.

என் ஆளுக்கு நீள மூஞ்சி. எட்டாவது தஞ்சூரோ.

ஸ்டெப் 7: கையெழுத்து, பதிப்பாளர்

ஓவியர் பேருக்குக் கீழ "வரைஞ்சது"ங்கற அர்த்தத்துல 'கா' இல்லாட்டி 'ஹிட்சு'ன்னு ஒரு எழுத்து வரும். இங்க எல்லாரும் விழுற குழி தொயொகுனிங்கற பேரு. முதலாம் தொயொகுனி 1825ல காலமானாரு, 1844லேந்து குனிசதாவே தொயொகுனின்னு கையெழுத்துப் போட ஆரம்பிச்சிட்டாரு. கடைல நீங்க பாக்குற "தொயொகுனி"ல பெரும்பாலானது குனிசதாதான், கையெழுத்தச் சுத்தி நீளமா சிவப்போ மஞ்சளோ ஒரு கட்டம் இருந்தா கிட்டத்தட்ட உறுதி. பதிப்பாளருக்கும் சின்னம் இருக்கும், ட்சுதாயாவோடது மலை உச்சிக்குக் கீழ ஒரு கொடி இலை.

ஸ்டெப் 8: எந்த நாடகம்னு சரிபாருங்க

கட்டத்துக்குள்ள எழுதியிருக்கற பேரு பல சமயம் வேஷத்தோட பேருதான். 1842ல அரசாங்கம் நடிகர் படத்துக்கே தடை போட்டுச்சு, ஆடம்பரத்தக் குறைக்கிறோம்னு. நாடகக் கொட்டகை எல்லாத்தையும் ஊர் ஓரம் அசகுசா பக்கம் தள்ளி விட்டாங்க. சும்மா இருப்பாங்களா இவங்க, குனியோஷி பூனை மூஞ்சிலயும் மீன் மூஞ்சிலயும் நடிகர் சாடைய வரைஞ்சாரு, 1848 வாக்குல செவுத்துல கிறுக்குன மாதிரி ஒரு சீரிஸ் போட்டாரு, பாத்தா குழந்தைக் கிறுக்கல், உத்துப் பாத்தா எல்லாம் பெரிய நடிகருங்க. தடை தளர்ந்தப்புறமும் பல வருஷம் நடிகர் பேரப் போடாம வேஷத்தோட பேர மட்டும் போட்டே ஓட்டுனாங்க.

சரிபாக்க பன்சுகே வேணும், அந்தக் கால நாடக நோட்டீசு. எந்தக் கொட்டகை, எந்த மாசம், யாருக்கு எந்த வேஷம்னு அதுல இருக்கும். ஷராகு முதல்ல போட்ட படத்துல நடிகர் பேரும் கிடையாது, வேஷம் பேரும் கிடையாது, ஆராய்ச்சி பண்ணவங்க மொன்னையும் பன்சுகேயையும் வெச்சுத்தான் ஒவ்வொண்ணா புடிச்சாங்க. நாம அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம், டோக்கியோ வசேதா பல்கலைக்கழகத்து நாடக மியூசியம் பல ஆயிரம் நடிகர் பிரிண்ட்ட ஆன்லைன்ல போட்டிருக்கு, ஃபோட்டோவ ஏத்துனா ஒத்த படத்தக் காட்டுற உகியோ-எ (இந்த மாதிரி பழைய ஜப்பான் மரக்கட்டை அச்சுப் படம்) தேடல் தளமும் இருக்கு, பாஸ்டன் நுண்கலை மியூசியம் தளத்துலயும் தேடலாம். பல நேரம் அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும், அப்ப எதுக்குய்யா இவ்வளவு ஸ்டெப்புன்னு கேட்டா, தளம் தப்பாச் சொன்னா உங்களுக்குத் தெரியணும்ல.

நடக்காத நாடகமும் உண்டு. மிததேன்னு சொல்லுவாங்க, "இந்த வேஷத்துக்கு இவரப் போட்டா எப்படி இருக்கும்"னு ஓவியரே கற்பனைல ஆள் போடுறது. குனிசதா 1852ல, எடோலேந்து கியோட்டோ போற தொக்கைதோ சாலைல இருக்கற 53 ஊருக்கும் ஒவ்வொரு நடிகரா போட்ட சீரிஸ் செம ஹிட்டு, அதுல செத்துப் போனவங்களையும் சேத்து வரைஞ்சிருக்காரு. இந்த மாதிரிப் படத்துக்கு பன்சுகேல தேடுனா ஒண்ணும் கிடைக்காது, மூஞ்சியும் மொன்னும்தான் கதி. என் பிரிண்ட்டும் இதுல ஒண்ணுதான், பின்னாடி ஒரு ஊர், ஒரு மலை, அத நான் ரெண்டு வருஷம் போர்க்களம்னு நினைச்சேன்!

ஸ்டெப் 9: ஒரிஜினலா, பின்னாடி அடிச்சதா

ஒரு லென்ஸ் வாங்குங்க, பத்து மடங்கு பெருசாக்குறது போதும். கலர் புள்ளி புள்ளியா தெரிஞ்சா ஆஃப்செட் அச்சு, கதை முடிஞ்சுது. மரக்கட்டைனா கலர் தட்டையா, பேப்பர் நார்க்குள்ள ஊறுன மாதிரி இருக்கும். திருப்பிப் பாருங்க, பின்னாடி கலர் கசிஞ்சிருக்கும், பரென்ங்கற மூங்கில் மட்டை சுத்துன வட்டத் தேய்ப்பான் அழுத்துன தடமும் சுழல் சுழலா தெரியலாம். ஒவ்வொரு கலருக்கும் தனிக் கட்டை, காட்டுச் செர்ரி மரத்துல செதுக்குனது, எல்லாம் ஒரே இடத்துல உக்காரணும்னு மூலைல கென்தோன்னு ஒரு வெட்டு வெச்சிருப்பாங்க, அப்படியும் எங்கயாவது கலர் ஒரு மயிரிழை கோட்டத் தாண்டியிருக்கும்.

மரக்கட்டைலயே பின்னாடி திரும்ப செதுக்கி அடிச்ச மறுபதிப்பும் நிறைய இருக்கு, ஷராகுன்னு சாதாரண விலைக்கு கிடைச்சா அது கண்டிப்பா இதுதான். அது மோசடி இல்ல, அதாச்சி மாதிரி பட்டறைங்க வெளிப்படையா தங்க பேர ஓரத்துல போட்டு விக்கிறாங்க, ஓரத்த வெட்டிட்டு ஒரிஜினல்னு விக்கிறவன்தான் மோசடி. ரொம்ப வெள்ளைப் பேப்பர், வெளுக்காத ஊதா, புழு ஓட்டை ஒண்ணு கூட இல்லாத சுத்தம், இதெல்லாம் இருநூறு வருஷப் படத்துல இருந்தா சந்தேகப்படுங்க. பளிச்சுனு அடிக்கிற நீலம் 1830 வாக்குலதான் பரவலா வந்துச்சு, கண்ணக் குத்துற சிவப்பும் ஊதாவும் 1860களுக்கு அப்புறம் வந்த சாயம், குனிசிகா படத்துல அது கரெக்ட், ஷுன்ஷோ படத்துல இருந்தா தப்பு.

புதுசா வாங்குறவங்களுக்கு குனிசதா, குனிசிகா ரெண்டும் நல்ல தொடக்கம், எக்கச்சக்கமா அடிச்சதால விலை கைக்கு அடங்கும். 1900களோடது வேணும்னா நதோரி ஷுன்சென், பதிப்பாளர் வதனபே ஷோசாபுரோவோட சேந்து 1925லேந்து 1929 வரைக்கும் 36 நடிகர் மூஞ்சி போட்டாரு, பொறுமையான வேலை, விலை கொஞ்சம் ஏறும். வாங்கிட்டு வெயில் படுற செவுத்துல மாட்டாதீங்க, லேமினேட் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, செல்லோடேப் பக்கத்துலயே போகாதீங்க.

எட்டாவது தஞ்சூரோ, என் பிரிண்ட் வந்து ரெண்டு வருஷத்துல, 1854ல ஒசாகால தற்கொலை பண்ணிக்கிட்டாரு, அவங்க கணக்குல 32 வயசு. ஏன்னு யாருக்கும் தெரியாது. நடிகர் செத்தா ஷினி-என்னு நினைவுப் படம் போடுவாங்க, வெளிர் நீல உடுப்புல, செத்த தேதி, அடக்கம் பண்ண கோயில் பேரெல்லாம் எழுதி. இவருக்கு நூத்துக்கும் மேல வந்துச்சு. அதுல ஒண்ணு தேடிட்டு இருக்கேன், மிமசு தெரியிற மாதிரி, ஓரம் வெட்டாம.